வாழ்க்கைச் சுமை உடம்புக்குள் இறங்கும் வழி

இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை அங்கே தங்கவைத்து, சளி உண்டாக்கும் வைரஸைச் சொட்டுச் சொட்டாக மூக்கில் விடுவார்கள். பிறகு தனிமைப்படுத்தி, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அப்படி வைரஸ் கொடுக்கப்பட்ட 394 பேரிடம், அதற்கு முன்பே, உளவியலாளர் ஷெல்டன் கோஹனின் குழு சில கேள்விகளைக் கேட்டிருந்தது. கடந்த ஓராண்டில் என்னென்ன துன்பங்கள் வந்தன? தாங்க முடியாத சுமை இருப்பதாகத் தோன்றுகிறதா? மனம் எப்படி இருக்கிறது?

1991-இல் முடிவு வெளியானது. மன அழுத்தம் கூடக் கூட, தொற்றும் சளியும் படிப்படியாகக் கூடின. வயது, எடை, புகை, குடி, தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. கவலையில் இருப்பவர்கள் கிருமியை அதிகம் சந்தித்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. கிருமியைக் கொடுத்ததே ஆய்வாளர்கள்தான்.

கவலை எப்படி மூக்குவரை வருகிறது? ஆபத்து என்று மூளை உணர்ந்ததும், அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அது சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ தெம்பு தருகிறது. ஆபத்து விலகினால் எல்லாம் தணிந்துவிடும். இது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆபத்து விலகாதபோதுதான் சிக்கல். தீராத கடன், ஓயாத சண்டை, பிடிப்பில்லாத வேலை ஆகியவற்றிலிருந்து ஓடவும் முடியாது. கார்டிசாலுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு வீங்கிச் சிவக்கும் அழற்சியை அளவோடு நிறுத்துவது. மாதக்கணக்கில் அழுத்தம் நீடிக்கும்போது, ஓயாத அதட்டலைக் காதில் வாங்காமல் விட்டுவிடும் பிள்ளைகளைப் போல, நோய் எதிர்ப்புச் செல்கள் கார்டிசாலின் கட்டளைக்கு இணங்குவதைக் குறைத்துக்கொள்கின்றன. அழற்சி அடங்காமல் தொடர்கிறது. மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் பெரும்பாலும் வைரஸின் வேலையல்ல, நம் உடம்பே நடத்தும் அழற்சியின் விளைவு என்பதை நினைத்தால், கோஹனின் முடிவு நன்றாக விளங்கும். இதே அழற்சி ஆண்டுக்கணக்கில் ரத்தக்குழாய்ச் சுவர்களில் நீடித்தால் மாரடைப்புக்கு வழி பிறக்கிறது.

காயம் ஆறுவதிலும் இது தெரிகிறது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கி, அந்தச் சுமை இல்லாத பெண்களோடு ஒப்பிட்டார்கள். பராமரிப்பவர்களுக்கு ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. 1995-இல் வந்த ஆய்வு இது.

இந்தச் சுமைகளுக்கும் சமூகத்தில் ஒருவர் இருக்கும் இடத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு லண்டன் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. எல்லோரும் அலுவலகத்தில் வேலை செய்தவர்கள், வேலையும் நிரந்தரம். பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் பத்தாண்டுகளில், கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல மூன்று மடங்கு இருந்தது. அதைவிட முக்கியமானது, இடைப்பட்ட ஒவ்வொரு படியிலும் வேறுபாடு இருந்தது. உச்சிக்கு ஒரு படி கீழே, நல்ல சம்பளத்தில் இருந்தவர்கள்கூட உச்சியில் இருந்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள். புகைப்பழக்கமும் ரத்த அழுத்தமும் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தங்களுக்கு அதிகாரம் குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது.

அதனால்தான், நோயாளியிடம் “மனசைத் தைரியமா வச்சுக்கோங்க, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லி முடித்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. அந்த ஊழியர்களின் மனம் பலவீனமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வேலை அமைந்த விதம் அப்படி. மனதை மட்டும் குற்றம் சொன்னால் மருத்துவமும் வழி தவறும். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1982-இல் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 2005-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று அந்தப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த பாக்டீரியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. கிருமி மட்டுமே முழுக்கதை அல்ல என்பதற்கு இதுவும் சான்று.

உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்கவேண்டும் என்று 1977-இல் மருத்துவர் ஜார்ஜ் எங்கல் வாதிட்டார். உறவுகளைப் பற்றி 2010-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறவும் துணையும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. ரத்தச் சர்க்கரையைக் கேட்கும் அதே மூச்சில், “வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்? வேலை எப்படி இருக்கிறது?” என்று கேட்கும் மருத்துவர் அரட்டை அடிக்கவில்லை, அவர் அப்போது நோயைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.