விரைவீக்கம் அல்ல, விரைமேல்நாள அழற்சி

எபிடிடிமிடிஸ் என்ற நோய்ப்பெயரை 'விரைவீக்கம்' என்று எழுதும் மருத்துவக் குறிப்புகள் பெருகிவிட்டன. எளிமையாக இருக்கிறதே என்று இதை விட்டுவிட முடியவில்லை.

கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல். 'டிடிமோஸ்' என்றால் இரட்டை, அதாவது விரைகள். விரையின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும் எபிடிடிமிஸ், பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் ஒரே சுருள்குழாய். விந்தணுக்கள் முதிர்வது அங்கேதான். 'இடிஸ்' என்ற ஈறு அழற்சியைக் குறிக்கும். அழல் என்ற வேரிலிருந்து வந்த நம் சொல்லில் எரிச்சலும் சூடும் சிவப்பும் தாமே அடங்கிவிடுகின்றன.

விரைவீக்கம் என்பதோ யானைக்கால் நோயைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்களில் நெடுநாளாக வழங்கும் சொல். விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசிலையே அது குறிக்கிறது. அந்த வீக்கம் பெரும்பாலும் வலிக்காது, ஆண்டுக்கணக்கில் இருக்கும். அழற்சியிலோ ஓரிரு நாள்களில் ஒரு பக்கம் வலி ஏறும், தொட்டால் சுடும், சிறுநீர் கழிக்கையில் எரியும், காய்ச்சலும் வரலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், வலியால் துடிப்பவர் 'இது நாள்பட்டதுதானே' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். இதைவிடக் கொடியது விரை முறுக்கம், அதாவது விரை முறுக்கிக்கொண்டு அதன் இரத்தவோட்டம் தடைபடுவது. திடீரென்று, பெரும்பாலும் வாந்தியோடு, அதிகமாகப் பதின்பருவத்தினரைத் தாக்கும் அதுவும் வெளிப்பார்வைக்கு வீக்கமே. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரையை இழக்க நேரலாம்.

'விந்துநாள அழற்சி' என்பாரும் உளர். ஆண் கருத்தடையில் வெட்டிக் கட்டப்படும் குழாய்க்கு அல்லவா விந்துநாளம் என்று பெயர்? இன்னும் சிலர் 'விரைத்தொற்று' என்கிறார்கள். நோயுற்றது விரை என்று பிழைபடச் சொல்வதோடு, எல்லா அழற்சியும் தொற்றே என்ற தவறான எண்ணத்தையும் அது விதைக்கிறது. 35 வயதுக்குட்பட்டோரில் கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகளும், மூத்தோரில் புராஸ்டேட் வீக்கத்தாலோ சிறுநீரை வடிக்கக் குழாய் செருகியதாலோ நேரும் சிறுநீர்த் தொற்றும் முதன்மைக் காரணங்கள் என்பது மெய்யே. காசநோயும் எபிடிடிமிஸைப் பற்றும். ஆயினும் சிறுநீர் பின்னோக்கிப் பாய்வதாலும், இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்குத் தரும் அமியோடரோன் மருந்தாலும், கிருமியே இன்றி இது வருவதுண்டு.

ஆகவே 'விரைமேல்நாள அழற்சி' என்பதே என் தேர்வு. விரைக்கு விந்தகம் என்பது பாடநூல் சொல். விரைப்பை என்பதை அறியாத தமிழர் குறைவு என்பதால் விரை என்றே வைத்துக்கொண்டேன். நாளம் பின்புறம் இருக்கையில் 'மேல்' எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதன் தலைப்பகுதி விரையின் உச்சியில்தான் கவிந்திருக்கிறது.

தடுப்பு முறைகளிலாவது மொழி தெளிவாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆணுறை அணிதல், துணைவருக்கும் சேர்த்தே மருத்துவம் பார்த்தல், சிறுநீர்த் தொற்றை வளரவிடாதிருத்தல் என்று மூன்று வரியில் முடிவதை 'பாதுகாப்பான பாலியல் நடைமுறைகளை மேற்கொள்வதை உறுதிசெய்தல்' என்று இழுக்கிறார்கள். சிகிச்சைப் பகுதியில் 'விரைப்பைக்கு ஆதரவு அளிக்கவும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தேர்தலில் நிற்கிறதா என்ன? மருத்துவர் தந்த நுண்ணுயிர்க்கொல்லியை முழு நாள்களும் உட்கொண்டு, படுத்திருக்கையில் மடித்த துண்டை விரைப்பைக்கு அடியில் அணைகொடுக்கவும் என்று எழுதியிருக்கலாம்.