ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏன் ஏறுகின்றன?

ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (கிட்டாரின் உடல்மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும், கைப்பிடியால் அசைக்கக்கூடிய உலோக அமைப்பு) வைத்த எலக்ட்ரிக் கிட்டார் முதன்முதலில் கையில் கிடைத்த அன்று, நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் சின்னப் பட்டை) இருக்கும் பூட்டைத் தளர்த்தி, தடித்த ஈ கம்பியை டி சுருதிக்கு இறக்கினேன். மற்ற கம்பிகளை மீட்டிப் பார்த்தால் ஐந்தும் சுருதி ஏறியிருந்தன. அவற்றை இறக்கிச் சரிசெய்தால், டி-யில் வைத்த கம்பி திரும்பவும் மேலே போய்விட்டது. அரை மணி நேரம் இதே கதைதான்.

கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கே தெரியும். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு கனமான உலோகக் கட்டை தொங்குகிறது, அதை மூன்று ஸ்பிரிங்குகள் கழுத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஆறு கம்பிகளும் சேர்ந்து பிரிட்ஜை எதிர்த்திசையில் சாய்க்கப் பார்க்கின்றன. மெல்லிய ரகக் கம்பிகளில்கூட மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. பிரிட்ஜ் இரண்டு ஆணிகளின்மேல் கத்திமுனையில் நின்று, இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவே மிதக்கிறது.

இனி கணக்கு. ஈ-யின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ், டி-யின் அதிர்வெண் 73.4. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுருதி 11 சதவீதம் இறங்க இழுவிசை 20 சதவீதத்துக்கு மேல் குறைய வேண்டும், அதாவது அந்த ஒரு கம்பியில் மட்டும் கிட்டத்தட்ட 1.4 கிலோ. உடனே ஸ்பிரிங் பக்கம் பலம் கூடிவிடும், பிரிட்ஜ் பின்னால் சாயும், மற்ற ஐந்தும் இறுகும். ஒரு கம்பி அறுந்தாலும் இதேதான் நடக்கும், இன்னும் மோசமாக.

ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் கொண்டுவந்த அமைப்பிலும் இதே இழுபறிதான். (அதற்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்தது தவறு. ட்ரெமோலோ என்றால் ஒலியின் அளவு ஏறி இறங்குவது, இது அசைப்பது சுருதியை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.) அதில் இன்னொரு தொல்லையும் உண்டு, உராய்வு. ஆர்மை (பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடி) அழுத்தும்போது தளர்ந்த கம்பி நட்டின் பள்ளத்தில் கொஞ்சம் நகர்கிறது, விட்டதும் பழைய இடத்துக்கு வராமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. ட்யூன் செய்யும்போது நட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி திடீரெனத் தாவினால் அது இந்தச் சிக்கல்தான். பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள், கிராஃபைட் வழவழப்பில் கம்பி சரளமாகப் போய்வரும்.

என் கிட்டாரில் உள்ள பிரிட்ஜை உருவாக்கிய ஃபிளாய்ட் ரோஸ் இதற்கு வேறு வழி கண்டார். நகர்வதால்தானே பிரச்சினை, நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியை இறுக்கிப் பூட்டிவிட்டால் நகர இடமே இல்லை. 1979-இல் காப்புரிமை கிடைத்தது. கம்பிகள் தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு ஆர்மை அழுத்திவிட்டு விட்டாலும் சுருதி அப்படியே திரும்பி வரும். எனக்கு இது இன்றைக்கும் அதிசயம்தான். ஆனால் பூட்டிய பிறகு தலையில் உள்ள ட்யூனர்களைத் திருகிப் பயனில்லை. அதனால்தான் பிரிட்ஜிலேயே குட்டி ட்யூனர்கள் இருக்கின்றன. அப்புறம் கத்திமுனை மழுங்கிவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது.

பாட்டுக்கு நடுவே நொடியில் டி-க்கு இறங்க, ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் பெயரோடு சேர்ந்த டி-ட்யூனா என்ற சின்னக் கருவி இருக்கிறது. வெளியே இழுத்தால் டி, உள்ளே தள்ளினால் ஈ. ஆனால் அது மிதக்கும் பிரிட்ஜில் சரிப்படாது, பிரிட்ஜ் கிட்டாரின் உடல்மேல் படிந்திருக்க வேண்டும். அவருடைய கிட்டார்களில் அப்படித்தான்.

நான் கடைசியில் ஒரு மரத்துண்டை அளவாகச் சீவி, அடியில் தொங்கும் கட்டைக்கும் குழியின் கழுத்துப் பக்கச் சுவருக்கும் நடுவே செருகினேன். ஸ்பிரிங் இழுத்தாலும் கட்டை இனி அந்தப் பக்கம் போக முடியாது. ஆர்மை மேலே தூக்கிச் சுருதி ஏற்றும் வசதி போயிற்று, கீழே அழுத்த மட்டும்தான் முடியும். ஈ-யை டி-க்கு இறக்கினேன், மற்ற ஐந்தும் அசையவில்லை.