ஷூ எந்த நாடு என்று தெரிகிறது, உங்கள் கால் அளவு தெரியுமா?

போன வாரம் வந்தவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பல வருடமாகச் சர்க்கரை நோய். வலது காலில் சுண்டு விரலுக்குக் கீழே, வெளி ஓரத்தில், விரல் நுனி அகலத்துக்கு ஒரு புண். "வலியே இல்லை டாக்டர், சாக்ஸ் ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது" என்றார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஷூவைத்தான் போட்டிருந்தார். இனி இதைப் போட வேண்டாம் என்றதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. "இது அந்த ஊர் தயாரிப்பு, இதில் குறை இருக்காதே" என்றார்.

ஷூவில் குறை இல்லைதான். அவர் காலின் அகலம் அதற்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதே பேச்சை எத்தனை பேரிடம் கேட்பது? கால் ஆணியோடு வருகிறவர், நகம் சதைக்குள் புதைந்து வருகிறவர், பெருவிரல் மூட்டு புடைத்து வருகிறவர், எல்லோரும் ஷூ எந்த நாட்டில் செய்தது என்பதைச் சரியாகச் சொல்கிறார்கள். உங்கள் பாதம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் பதில் இல்லை.

அதனால் இந்த 'எந்த நாடு' விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ஷூ பல துண்டுகளால் ஆனது. மேல்பாகத்தை ஓரிடத்தில் வெட்டித் தைப்பார்கள். சோல் வேறொரு நாட்டில் வார்க்கப்பட்டு வரும். இரண்டையும் சேர்த்து ஒட்டிப் பெட்டியில் போடுவது மூன்றாவது நாடாக இருக்கலாம். கடைசியாக முக்கியமான வேலை எங்கே நடந்ததோ, பெரும்பாலும் அந்த நாட்டின் பெயர்தான் லேபிளில் ஏறும். உலகத்தில் தயாராகும் காலணிகளில் பாதிக்கு மேல் சீனாவில்தான் தயாராகின்றன. வியட்நாமும் இந்தோனேசியாவும் இந்தியாவும் அடுத்த பெரிய தயாரிப்பாளர்கள். பெயர்பெற்ற விளையாட்டு ஷூக்களும் சாதாரண ஷூக்களும் அதே நாடுகளிலிருந்துதான் வருகின்றன. ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு, பல தரத்தில் செய்து கொடுப்பதும் உண்டு. இதில் நாட்டின் பெயரை வைத்து எந்தத் தரத்தைக் கண்டுபிடிப்பீர்கள்?

பொருத்தத்தைத் தீர்மானிப்பது அச்சு. பாதத்தின் வடிவத்தில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த உருவம் அது. மேல்பாகத்தை அதன்மேல் இழுத்துப் பிடித்துத்தான் ஷூவுக்கு வடிவம் கொடுக்கிறார்கள். அச்சின் முன்பக்கம் ஒடுங்கியிருந்தால், உலகத்தின் எந்த மூலையில் தைத்தாலும் அது உங்கள் விரல்களை நெருக்கும். ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் அச்சு மாறும். அதனால் "எனக்கு எப்போதும் இந்தக் கம்பெனி 8தான்" என்ற கணக்கும் செல்லாது.

கூலி ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் செய்ததை வாங்க வேண்டும், சொந்த நாட்டுத் தொழிலாளிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நாட்டைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல காரணம், தாராளமாகப் பாருங்கள். ஆனால் கால் வலிக்காது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

அடுத்தது எண் குழப்பம். பிரிட்டிஷ் 8 வேறு, அமெரிக்க 8 வேறு. ஆண்களுக்கான ஷூவில் பிரிட்டிஷ் 8 என்பது பெரும்பாலும் அமெரிக்க 9. இந்த இரண்டு முறைகளிலும் ஒரு முழு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய முறையில் 6.7 மில்லிமீட்டர். பல விளையாட்டு ஷூக்களின் நாக்குப் பகுதியில் எல்லா எண்களையும் அச்சிட்டிருப்பார்கள். அதில் சென்டிமீட்டர் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அது பாதத்தின் நீளத்தைக் குறிப்பது.

பாதத்தை அளக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். சாயங்காலம் அளவெடுங்கள், பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். உட்கார்ந்தபடி அளக்காதீர்கள், எடை இறங்கினால்தான் பாதம் விரியும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. தூரத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஷூ அனுப்ப ஆசைப்படும் பிள்ளைகளே, தயவுசெய்து அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீளமும் அகலமும் பக்கத்தில் எழுதி. பத்து வருடத்துக்கு முந்தைய சைஸ் இன்று செல்லாது. வயது ஏறும்போது தசைநார்கள் தளர்ந்து பாதம் நீளவும் அகலவும் செய்யும். கர்ப்ப காலத்துக்குப் பிறகும் பல பெண்களுக்கு அப்படி ஆகிறது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, செய்பவர்கள்தான் இல்லை. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து, குதிகாலைப் பின்விளிம்போடு ஒட்டி, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டு விரல் ஓரத்தில் பாதம் இன்சோலைத் தாண்டி வழிகிறதா? அந்த ஷூ வேண்டாம். ஷூவுக்குள்ளும் அதே நெருக்கடிதான், மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பக்கம் உங்கள் மிக நீண்ட விரலுக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். பலருக்கு நீண்ட விரல் பெருவிரல் இல்லை, இரண்டாவது விரல். அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி கட்டை விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்று விற்பனையாளர் சொல்வார். தோல் ஓரளவு தளரும். நீளம் கூடாது, சோலின் அகலமும் மாறாது. முதல் நாளே கடிக்கும் ஷூவை வாங்கி, அது காலுக்கு ஏற்ப மாறும் என்று காத்திருக்காதீர்கள். மாறப்போவது உங்கள் கால்தான்: காய்ப்பு, ஆணி, வளைந்த விரல்.

விலையுயர்ந்தது என்று வருடக்கணக்கில் பெட்டியிலேயே வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த சோல், போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் சிதையும். விசேஷத்துக்கு என்று எடுத்துப் போட்ட அன்று சோல் கட்டிகட்டியாக உதிரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஷூ கடித்தால் வலிக்கும், வலித்தால் கழற்றுவோம் என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்போம். அந்தத் தொடுதலை உணராதவர்களுக்கு ஷூவின் கடியும் தெரியாமல் போகலாம். இவர்களில் பலர் கால் உணர்ச்சி குறைந்திருப்பதால் இறுக்கமான ஷூவைத்தான் 'கச்சிதம்' என்று தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் உணர்வை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள். தினமும் போடுவதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புது ஷூவை முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள், அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

கொப்புளமோ புண்ணோ கண்ணில் பட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போகும்போது தினமும் போடும் பழைய ஷூவைத் துடைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். சோல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எங்கே அழுந்தியிருக்கிறது என்று பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.