துருவத்தில் ஓர் அளவை நம்புவது எப்படி?

அண்டார்க்டிகாவின் உள்பகுதியில் ஓராண்டுக்கு எவ்வளவு பனி பெய்கிறது? வாயகன்ற பாத்திரம் ஒன்றை வெளியே வைத்து, விழுந்ததை உருக்கி அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அங்கே காற்று வீசத் தொடங்கினால், என்றோ விழுந்து கிடந்த பனியும் எழுந்து பறக்கும். பாத்திரத்தில் சேர்ந்தது இன்று வானிலிருந்து இறங்கியதா, பக்கத்து மேட்டிலிருந்து அடித்துவரப்பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையில் பெய்யும் பனியையும் காற்று பாத்திரத்துக்குள் விழவிடாமல் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே பனிப்பரப்பில் வரிசை வரிசையாகக் கழிகளை நட்டு, அவை எவ்வளவு புதைந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். கேட்பதற்குப் பழங்கால முறைதான். இன்றும் கைகொடுக்கிறது.

துருவ ஆய்வு என்றாலே குளிரில் மனிதர் படும் பாடுதான் பேசப்படுகிறது. கருவிகள் படும் பாடு எனக்கு அதைவிடச் சுவையானதாகத் தெரிகிறது.

வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். பாதரசம் மைனஸ் 38.8 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும் என்பதால், பிளாட்டினத்தின் மின்தடை மாறுவதைக் கொண்டு வெப்பநிலையை அறியும் உணரிகள் பயன்படுகின்றன. அந்தச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. உணரி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது தீராத சிக்கல். குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சூரியன் எழாத நிலையில், பனிப்பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக இழந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டிய காற்று கடுமையாகக் குளிர்ந்து, கனத்து, அங்கேயே படிந்துவிடும். அண்டார்க்டிகாவின் உயர்ந்த பீடபூமியில் சில நூறு மீட்டர் மேலே சென்றால் 20 டிகிரிக்கும் மேல் வெப்பம் கூடியிருப்பதுண்டு. உயரே போகப் போகக் குளிரும் என்ற பாடம் அங்கே தலைகீழ்.

இரண்டு மீட்டர் உயரக் கம்பத்தில் ஓர் உணரியைப் பொருத்திவிட்டு வருகிறார்கள் என்று வையுங்கள். ஆண்டுதோறும் கம்பத்தைச் சுற்றிப் பனி ஏறுகிறது. உணரி இருந்த இடத்தில் இருந்தபடியே பரப்பை நெருங்கி, இன்னும் குளிர்ந்த அடுக்குக்குள் வந்துவிடுகிறது. பதிவை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வட்டாரமே குளிர்ந்துவருவதுபோல் தெரியும். கோடையில் நேர்மாறான பிழை வரும். உணரியை மூடியிருக்கும் வெள்ளைக் கூடு மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கிறது. ஆனால் பனிப்பரப்பு வெயிலைக் கீழிருந்தும் எதிரொளித்துக் கூட்டைச் சுடவைக்கும். காற்று அசையாத நாட்களில் 10 டிகிரியைத் தாண்டிய பிழைகள்கூட அறியப்பட்டுள்ளன. சிறு விசிறி வைத்தால் சரியாகும். ஆனால் ஆளில்லாத நிலையத்தில் விசிறிக்கு மின்சாரம் ஏது?

உலகின் மிகக் குறைந்த வெப்பநிலை எது என்ற கேள்விக்கும் இதனால்தான் இரண்டு விடைகள். 1983 ஜூலை 21 அன்று அண்டார்க்டிகாவின் உள்பகுதியில் உள்ள வோஸ்டாக் நிலையத்தில் வெப்பமானி காட்டியது மைனஸ் 89.2 டிகிரி. கிழக்கு அண்டார்க்டிகாவின் பள்ளங்களில் மைனஸ் 98 டிகிரி வரை இறங்குவதாகச் செயற்கைக்கோள் தரவுகள் பின்னர் காட்டின. முதலாவது காற்றின் வெப்பநிலை, இரண்டாவது பனிப்பரப்பின் வெப்பநிலை. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு.

அண்டார்க்டிகாவில் பிரிட்டன் நடத்தும் ஹாலி ஆய்வு நிலையத்தின் முதல் நான்கு கட்டடங்கள் பனியில் புதைந்து பயனற்றுப்போயின. இப்போதைய ஆறாவது நிலையம் சறுக்குக் கால்கள்மீது நிற்கிறது. அது நிற்கும், கடல்மேல் மிதக்கும் பனித்தட்டில் விரிசல் வளர்ந்ததால் அதை 2016-17 கோடையில் 23 கிலோமீட்டர் தள்ளி இழுத்துப்போனார்கள். இவ்வளவு பாடு பட்டு ஓரிடத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டுமா? ஓசோன் படலத்தின் துளை 1985இல் உலகுக்குத் தெரியவந்தது ஹாலியில் ஆண்டுக்கணக்காக எடுத்த அளவுகளால்தான். செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த அளவுகளைக் கண்டிருந்தது. ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்ததால் அவை ஐயத்துக்குரியவை என்று குறிக்கப்பட்டிருந்தன.

ஆர்க்டிக்கின் சிக்கல் வேறு. நடுவில் நிலமே இல்லை. நிலையம் அமைத்தால் அது பனியோடு நகரும். அந்த நகர்வையே வாகனமாக்கியவர் நார்வேயின் துருவ ஆய்வாளர் நான்சென். தன் ஃப்ராம் கப்பலை 1893இல் சைபீரியாவுக்கு வடக்கே வேண்டுமென்றே உறையவிட்டார். அது பனியோடு மிதந்து 1896இல் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் வெளியே வந்தது. 2019 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் அதே உத்தியில் ஒரு பனிப்பாளத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. பனிக்கு அடியில் உள்ள நீரையும் மேலே உள்ள மேகத்தையும் குளிர்கால இருளில் ஒரே நேரத்தில் அளக்க வேறு நல்ல வழி இல்லை.

பரப்பளவு வேண்டுமென்றால் வானிலிருந்துதான் பார்க்க வேண்டும். சாதாரணக் கேமராவுக்கு மேகமும் துருவ இரவும் தடை. நுண்ணலைக்கு இரண்டும் பொருட்டல்ல. கடல்நீரைவிடக் கடல்பனி நுண்ணலைகளை அதிகமாக உமிழ்கிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டு 1978இன் இறுதியிலிருந்து கடல்பனியின் பரப்பு கணக்கிடப்பட்டு வருகிறது. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது என்பது இப்படித் தெரிந்ததே. இந்த முறைக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர்க் குட்டைகள் நுண்ணலைக்குத் திறந்த கடலாகவே தெரியும்.

தடிமனை அளப்பது இன்னும் நுட்பமான வேலை. மிதக்கும் பனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே இருக்கும். செயற்கைக்கோள் அந்தச் சிறு மேல்பகுதியை அளக்கிறது. முழுத் தடிமன் அதிலிருந்து பெருக்கிப் பெறப்படுகிறது. அளவில் 5 சென்டிமீட்டர் பிசகினால் விடையில் அரை மீட்டர் போய்விடும். போதாக்குறைக்கு மேலே புதுப்பனி சேர்ந்து பாளத்தை அழுத்துகிறது. கிரையோசாட்-2 செயற்கைக்கோளின் ரேடார் அந்தப் புதுப்பனியை ஊடுருவிப் பெரும்பாலும் கட்டிப்பனியில் பட்டுத் திரும்பும். ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசரோ புதுப்பனியின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். ஆகவே இரண்டின் வேறுபாடு புதுப்பனியின் ஆழத்தைச் சொல்லும். இதற்காகவே 2020இல் முதலாவதன் சுற்றுப்பாதை இரண்டாவதோடு ஒத்துவருமாறு மாற்றப்பட்டது. துருவ ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. தென்கடலில் யானைச் சீல்களின் தலையில் உணரி ஒட்டி, அவை முங்கும் ஆழத்தின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அறிவது அடுத்தது. ஆண்டுதோறும் தோல் உரியும்போது கருவி தானே விழுந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும், உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வெப்பநிலை வரைபடத்தில் அளவே இல்லாத வெற்றுக் கட்டங்கள் மிஞ்சுகின்றன. உலக சராசரி வெப்பநிலையைக் கணக்கிட்ட சில தரவுத்தொகுப்புகள், நிலையங்கள் இல்லாத ஆர்க்டிக் கட்டங்களைக் காலியாகவே விட்டுவந்தன. அது நேர்மையான செயலாகத் தோன்றும். ஆனால் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுச் சராசரி எடுத்தால், அதுவும் மற்ற இடங்களைப் போலவே வெப்பமடைகிறது என்று கருதியதாகிவிடும். ஆர்க்டிக்கோ 1979க்குப் பிறகு உலக சராசரியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. 2000க்குப் பிறகு வெப்பமேற்றம் தணிந்துவிட்டதாகத் தோன்றியதில் ஒரு பங்கு இந்த வெற்றுக் கட்டங்களால் வந்ததே. பிரிட்டனின் ஹாட்கிரட் தொகுப்பு 2020இல் வெளியான தன் ஐந்தாம் பதிப்பில், சுற்றியுள்ள அளவுகளைக் கொண்டு அவற்றைப் புள்ளியியல் முறையில் நிரப்பியது. அந்தப் பதிப்பில் அண்மைப் பதிற்றாண்டுகளின் வெப்பமேற்றம் முந்தைய பதிப்பு காட்டியதைவிட அதிகம்.