கோபம் ஆறாமல் எழுதிய பாத்திரம்

கதைப் பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் தொழில். ஒரு நாவலைப் பாதி படிப்பதற்குள், எழுதியவருக்கு யார் மேல் தீராத கோபம் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பாத்திரம் மட்டும் வாயைத் திறந்தாலே குத்தலாகப் பேசும். எதற்கும் தயங்காது, களைக்காது. மற்றவர்கள் மனிதர்களாக நடமாட, அது மட்டும் குற்றப்பத்திரிகை மாதிரி நிற்கும்.

அண்மையில் ஒரு பிரதியில் அக்கா பாத்திரம் அப்படி வந்தது. "இவள் ஒரு நாளும் சிரித்ததில்லையா?" என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். "நிஜத்திலும் அப்படித்தான் மேடம்" என்று பதில் வந்தது. இருக்கலாம். ஆனால் வாசகருக்கு அந்த நிஜ அக்காவைத் தெரியாதே! அப்புறம் இன்னொன்று: அதே பிரதியில் கதாநாயகிதான் மிக மங்கலாக இருந்தாள். அந்தக் கதாநாயகி எழுதியவரேதான். உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தன் முகம் தெரிவதில்லை.

நெருங்கியவர்களைப் பாத்திரமாக்கக் கால இடைவெளி உதவும். ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டே தன் அக்கா மரியாவை 1825இல் இழந்தார். அப்போது அவருக்கு 9 வயது. அந்த அக்காவின் சாயலில் ஹெலன் பர்ன்ஸ் என்ற பாத்திரம் அவருடைய 'ஜேன் அயர்' நாவலில் வந்தது 1847இல். இன்னொரு ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் தாயை இழந்தது 1895இல். அந்தத் தாயைத் திருமதி ராம்ஸே என்ற பாத்திரமாக்கிய 'டு த லைட்ஹவுஸ்' நாவல் வெளிவந்தது 1927இல். ராம்ஸே தேவதை அல்ல, பிறருக்குக் கல்யாணம் முடித்துவைக்கத் துடிக்கும் அதிகாரமும் அவரிடம் உண்டு. அதை எழுதியபின் அம்மாவின் குரல் கேட்பது நின்றுவிட்டது என்று வூல்ஃப் குறித்திருக்கிறார்.

அதற்காக 30 வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. யார் மேல் கோபமோ, அவர் தனியாக இருக்கும் ஒரு காட்சியை அவர் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். நாவலில் சேர்க்க வேண்டாம், சும்மா எழுதுங்கள்.

பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் சில்வியா பிளாத் தன் வாழ்க்கையை ஒட்டிய 'தி பெல் ஜார்' நாவலை 1963இல் புனைபெயரில்தான் வெளியிட்டார். பிறகு அது படமானது. அதிலுள்ள ஒரு பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது என்று ஒரு மனநல மருத்துவர் வழக்குப் போட்டு, 1987இல்தான் சமரசமானது. வேலை, ஊர், நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒன்றையாவது நிஜமாகவே மாற்றுங்கள்.

அந்த எழுத்தாளர் தனிக்காட்சியை எழுதி அனுப்பினார். அக்கா அதில் பூட்டிய அறைக்குள் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறாள், தப்பும் தவறுமாக. "இதை எழுதும்போது கோபம் கூடத்தான் செய்தது மேடம்" என்றார். சரி, பரவாயில்லை. காட்சி நன்றாக இருந்தது.