வீட்டிலேயே ஒற்றை இருக்கை விமானம் கட்ட நினைக்கும் தம்பிகளுக்கு

நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். அது தெரிந்து பாளையங்கோட்டை, வள்ளியூர்ப் பக்கமிருந்து பையன்கள் போன் போடுவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான், ஒரு ஆள் உட்காருகிற குட்டி விமானத்தைத் தானே செய்து பறக்கவேண்டும். தப்பில்லை. அமெரிக்காவில் கான்வேர் நிறுவன இன்ஜினியர் எவன்ஸ் என்பவர் 1960-களில் பிளைவுட்டையும் ஃபோக்ஸ்வேகன் கார் இன்ஜினையும் வைத்து வி.பி.-1 என்று ஒன்றை வடிவமைத்தார். சாதாரண ஆட்கள் அந்த வரைபடத்தை வாங்கிக் கட்டிப் பறந்தும் இருக்கிறார்கள்.

வரைபடத்தில் போட்டிருப்பது நம்ம ஊரில் கிடைக்காதபோதுதான் வம்பு ஆரம்பிக்கும். "அண்ணாச்சி, ஸ்ப்ரூஸ் மரம் கிடைக்கல, தேக்கு போட்டா இன்னும் ஸ்ட்ராங்தானே?" ஸ்ட்ராங்தான், ஆனால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம், அந்தக் கனம் எங்கே போய் உட்காருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. எடைமையத்திலிருந்து, அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமனாக நிற்கிற புள்ளியிலிருந்து, மூன்று மீட்டர் பின்னால் வாலில் ஒரு கிலோ கூடினால், ஒரு மீட்டர் முன்னால் இருக்கிற இன்ஜின் பக்கம் மூன்று கிலோ ஏற்றினால்தான் சமனாகும். ஏற்றாமல் விட்டால், வேகம் குறைகிற நேரத்தில் மூக்கு தானாக மேலே போகும், ஸ்டால் ஆனபிறகு, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தபிறகு, கட்டுப்பாட்டுக் குச்சியை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் மூக்கு இறங்காமல் போகலாம். மூக்கு கனமாக இருந்தாலும் ஆபத்துதான், ஆனால் வால் கனம் அதைவிட மோசம். அதனால் நீங்களே உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் தராசு வைத்து, எடைமையத்தைக் கணக்குப் போடாமல் ஓடுதளத்துக்கே போகாதீர்கள்.

அப்புறம் புல்லட் பைக் இன்ஜினைப் போடலாமா என்று கேட்பார்கள். அதன் 20 குதிரைசக்தி கிடைப்பது நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல். இந்த அளவு மரப் புரொப்பெல்லருக்கு 3,000 சுற்றுப் பக்கம் இருந்தால்தான் சரி. நடுவில் கியரோ பெல்ட்டோ வேண்டும், அதுவும் கனம்தான்.

பசை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மேஜை நாற்காலிக்குப் போடுகிற வெள்ளைப் பசை நம்ம வெயிலில் இளகும், தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல வழுக்கும். எபாக்ஸியே ஆனாலும், கலக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு துண்டுக் கட்டையைச் சேர்த்து ஒட்டி, காய்ந்ததும் உடைத்துப் பாருங்கள். மரம் பிய்ந்தால் நல்லது, ஒட்டின இடம் பிரிந்தால் அன்றைக்கு ஒட்டியது அத்தனையும் சந்தேகம்.

"கயத்தாறுல உலகப்போர் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கு?" சும்மா கிடந்தால் அனுமதி கிடைத்ததாகிவிடாது. பதிவு இல்லாமல் பறப்பது சட்டப்படி குற்றம். இங்கே கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் வேறு பக்கத்தில் இருக்கின்றன. மும்பையில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், தொழில்முறை பைலட்டாக இருந்தும், வருடக்கணக்கில் அலைந்து 2017-இல்தான் பதிவு வாங்கினார். போதாததற்கு ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் அடிக்கிற காற்றில், மணிக்கு எழுபது கிலோமீட்டரில் தரையிறங்குகிற விமானத்தை ஓட்ட எனக்கே தைரியம் கிடையாது.

எனவே மரம் வாங்கும் முன்பே விமானங்களுக்கு அனுமதி தருகிற மத்திய அரசின் டிஜிசிஏ-வுக்கு எழுதிக் கேளுங்கள். இறக்கையைப் பிளைவுட்டால் மூடிவிட்டால் உள்ளே இருப்பதை எந்த ஆய்வாளரும் பார்க்க முடியாது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.