குடிபோதையில் வாகனம் ஓட்டுதல்: மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய சட்ட விதிகள்

பள்ளிகளில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு வகுப்பு, பெரும்பாலும் விபத்துப் படங்களைக் காட்டி அச்சமூட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த அச்சம் நெடுநாள் நிற்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் தெளிவாகத் தெரிந்துகொண்டால், வீட்டுப் பெரியவர்களிடம் அதை எடுத்துச் சொல்லும் துணிவும் அவருக்கு வரும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை பிடிபட்டால் சிறை இரண்டு ஆண்டு வரையிலும் அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் வகுப்பில் விளக்க வேண்டும். கையடக்கமான கருவியின் குழாயில் சில விநாடிகள் விடாமல் ஊதச் சொல்வார்கள். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலை அளந்து, கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டும். மோர் குடிப்பதாலும் முகம் கழுவுவதாலும் அந்த எண் குறைவதில்லை, ஏனெனில் கல்லீரல் தன் வேகத்தில்தான் ஆல்கஹாலைச் சிதைக்கிறது. குடித்திருப்பதாகச் சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்து, ஓட்டுநர் ஊதவும் மறுத்தால், காவல்துறை பிடியாணை இன்றியே கைது செய்யலாம்.

குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை உண்டு என்கிறது 188ஆவது பிரிவு. போதையில் வண்டி ஓட்டுபவரோடு பயணம் செய்பவருக்கும் அபராதம் விதிக்கப்படும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது இதன் அடிப்படையில்தான்.

மாணவர்களை நேரடியாகத் தொடுவது 199ஏ பிரிவு. உரிய வயதும் உரிமமும் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவர் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்ததாகவோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும், அந்தச் சிறுவர் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. பத்தாம் வகுப்பில் எடுத்த ஒரு சாவி, கல்லூரிக் காலம் முழுவதையும் தாண்டித் தொடரும் என்று விளக்கினால் மாணவர்களுக்கு உடனே புரியும்.

"குடித்துவிட்டு அப்பாவே அழைக்க வந்தால் என்ன செய்வது?" என்று ஒரு குழந்தை கேட்கக்கூடும். சட்டப் பிரிவுகளை விட இதற்குத்தான் பள்ளி முதலில் விடை வைத்திருக்க வேண்டும். குழந்தையை வண்டியில் ஏற்றாமல் ஆசிரியர் தம்மருகே இருத்திக்கொண்டு, சேர்க்கைப் படிவத்தில் உள்ள இரண்டாவது எண்ணை அழைத்து, வீட்டிலிருந்து வேறொரு பெரியவரை வரச் சொல்வதே சரியான வழி. அதற்கு அந்த இரண்டாவது எண்ணைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.